கரித்துணியில் ஒரு பெருந்தின்னி

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்பில் வாசற்கதவு சும்மா திறக்காது. உள்ளங்கையை நீட்ட வேண்டும். கதவு தன் ஈர நாக்கால் ஒரு நக்கு நக்கி, கிருமிக் கணக்குப் பார்த்து, ‘சுத்தம்’ என்று சொன்னால்தான் வெளியே போக முடியும். குழந்தைகள் கூச்சத்தில் நெளிந்து சிரிக்கும். பெரியவர்களுக்குப் பழகிவிட்டது.

கதவு கோட்டை விட்டதைப் பிடிக்கத் தூய்மை ஆய்வாளர் குமுதவல்லி இருந்தாள். அடேயப்பா, என்ன மூக்கு அவளுக்கு! ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் அந்த வீட்டு வாசலில் சிவப்பு அட்டை ஒட்டிவிடுவாள். மூன்று அட்டை விழுந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பூமிக்கு விண்கப்பல் ஏற வேண்டியதுதான். பக்கத்து வீட்டு ஜெசிந்தா, ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டால் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தாள்.

அப்பேர்ப்பட்ட குமுதவல்லி இன்று மருத்துவமனையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கணவன் சிற்றரசுவின் நுரையீரலில் கிருமி. ஒன்பது நாளாக எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

“இனிமே மருந்து இல்லம்மா, தின்னிதான்” என்றார் டாக்டர் நஸ்ரீன். “கிருமியையே தின்னுற வைரஸ். எங்கிட்ட இருந்த சின்னத் தின்னியை எல்லாம் விட்டுப் பாத்தாச்சு. உள்ள நுழைஞ்சதும் கிருமி அதை நறுக்கிப் போட்டுடுது. பெருந்தின்னி அப்படி இல்ல. உள்ள போனதும் தன்னைச் சுத்தி ஓர் அறை கட்டிக் கதவைச் சாத்திக்கும். அப்புறம் கிருமியோட பாச்சா பலிக்காது.”

“அதைப் போடுங்களேன் டாக்டர்!”

“எங்க போறது? அது சாக்கடையிலயும் அழுகல்லயும் கிடைக்கிற சமாசாரம். நீங்கதான் இங்க ஒண்ணையும் விட்டு வைக்கலையே. சாயங்காலத்துக்குள்ள ஊறிப்போன அழுக்கு ஏதாவது கிடைச்சா கொண்டுவாங்க. அதுக்கு மேல அவர் தாங்க மாட்டார்.”

குமுதவல்லி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். “கொஞ்சம் அழுக்கு இருந்தா குடுங்களேன்.”

“அழுக்கா? எங்க வீட்லயா? சத்தியமா இல்லீங்க மேடம்!”

முப்பது வீட்டிலும் இதே பாட்டுதான். அவள் அழுததையும் ஏதோ புதுச் சோதனை என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஜெசிந்தா மட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா எங்க வீட்டுல அழுக்கு கிடையாது பாத்துக்கிடுங்க. ரெண்டாவது அட்டை விழுந்த அன்னைக்கே கருவாட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

குமுதவல்லி தன் வீட்டுக்கு வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு முகம் கழுவ எழுந்தாள். துடைத்துக்கொள்ள, கை தானாகக் குழாய்க்குப் பின்னால் போயிற்று. குப்பென்று நாற்றம் அடித்தது.

கரித்துணி!

சிற்றரசுவின் பழைய வேட்டியைக் கிழித்து, பெட்டிக்கடியில் ஒளித்துப் பூமியிலிருந்து கொண்டுவந்தது. இங்கே கொடுக்கும் காகிதத்தால் துடைத்தால் அவளுக்குத் துடைத்த மாதிரியே இருக்காது. நாலு வருஷமாகத் துடைப்பதும் பிழிந்து போடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் வீட்டை யார் ஆய்வு செய்வது? தன் வீட்டு நாற்றம் மட்டும் இன்றுவரை அந்த மூக்குக்கு எட்டியதே இல்லை.

துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

“பிரமாதம்!” என்றார் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு. “யார் வீட்டுது? பதிவு பண்ணணும்.”

ஆய்வாளர் வீட்டில் கரித்துணி என்று தெரிந்தால் வேலை போகும், மானம் போகும். குமுதவல்லியின் நாக்கு புரண்டது. “பக்கத்து வீடு… ஜெசிந்தா.”

துணி ஊறிய நீரை டாக்டர் வழக்கம்போல் மெல்லிய சல்லடையில் வடிகட்டவில்லை. வடிகட்டினால் பெருந்தின்னி தன் பருமனால் சல்லடையிலேயே தங்கிவிடும். அப்படியே சோதித்தார். இருந்தது! பிரித்தெடுத்து, பெருக்கி, அன்று மாலையே சிற்றரசுவுக்குக் கொடுத்தார். நாலாம் நாள் அவன் கண்ணைத் திறந்து காப்பி கேட்டான். குமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இன்னொரு விஷயம்” என்றார் டாக்டர். “இரை இருக்கிற இடத்துலதான் தின்னியும் இருக்கும். இவரைப் படுத்தின கிருமியும் அதே துணியில இருக்கு. நோய் வந்ததே அதுலேர்ந்துதான். அவங்க வீட்ல சாப்பிடுவாரோ?”

குமுதவல்லி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “எப்பவாவது” என்றாள்.

“அப்ப இன்னிக்கே அட்டையை ஒட்டிடுங்க.”

ஜெசிந்தா கதவைத் திறந்தபோது கையில் தூக்குப்பாத்திரம் இருந்தது. “அண்ணனுக்குக் கஞ்சி வச்சேன். சூடா கொண்டு போங்க.” பிறகுதான் ‘கரித்துணி’ என்று எழுதியிருந்த சிவப்பு அட்டையைப் பார்த்தாள். “இது எதுக்கும்மா? எங்க வீட்டுல துணியே கிடையாதே!”

“டாக்டர் எழுதிட்டாங்க. சட்டம். நான் என்ன பண்ண முடியும்?” குமுதவல்லி அவள் முகத்தைப் பார்க்காமலே மூன்றாவது அட்டையை ஒட்டினாள். பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அதைக் கிண்ணத்துக்கு மாற்றும்போது மேடையில் கொஞ்சம் கஞ்சி சிந்திவிட்டது. கை குழாய்க்குப் பின்னால் போய் வெறுமையைத் தடவியது. சற்று நின்றாள். அலமாரியைத் திறந்து சிற்றரசுவின் இன்னொரு வேட்டியை எடுத்து, ஓரமாக ஒரு துண்டு கிழித்தாள். துடைத்தாள், பிழிந்தாள், பழைய இடத்திலேயே செருகினாள்.

பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட உள்ளங்கையை நீட்டினாள். கதவு நக்கிப் பார்த்தது.

“சுத்தம்” என்றது.