கிடக்கட்டும் தட்டு

காலைக் காப்பி ஆறுவதற்குள் மங்கையர்க்கரசியின் மின்னஞ்சல்பெட்டி காலியாகிவிட்டது! போன வாரம்வரை மலைபோல் குவிந்து கிடந்த பெட்டி அது. அவள் கோவையில் ஒரு பம்பு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுத் தலைவி. பூமியிலிருந்து மட்டுமா புகார் வருகிறது? நிலவின் பனிச்சுரங்கத்திலும் அவர்கள் பம்புதான் தண்ணீர் இறைக்கிறது.

எல்லாம் மின்முறத்தின் கைங்கரியம். அஞ்சல்பெட்டியில் ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல். நாம் எந்த மடலை முதலில் திறக்கிறோம், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று கொஞ்ச நாள் கவனிக்கும். பிறகு தானே புடைத்து, 'இப்போதே', 'நாளைக்கு', 'கிடக்கட்டும்' என்று மூன்று தட்டுகளில் போட்டுவிடும். கிடக்கட்டும் தட்டில் விழுந்தவற்றுக்கு அதுவே மரியாதையாகப் பதிலும் எழுதிவிடும்.

"அக்கா, எனக்கு வேலையே இல்லீங்க்கா!" என்று பக்கத்து மேசை சுகந்தி துள்ளினாள்.

"எங்க வீட்டுக்காரரையும் அப்பவே இந்த முறத்தப் போட்டுக்கச் சொல்லிட்டேன் புள்ள. அங்க மடல்லயே முழுகிக் கெடக்கறாராமா."

அவள் கணவன் தணிகைவேல் நிலவில் அதே நிறுவனத்தின் பம்புகளைப் பழுது பார்ப்பவன். அங்கே இருப்பவர்களோடு பேச வழியில்லை, மடல் மட்டும்தான்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வாரம் அவன் மடல் ஒன்றையும் காணோமே!

எல்லாம் கிடக்கட்டும் தட்டில் கிடந்தன. நேற்று வந்தது மேலே இருந்தது: "அரசி, நாளைக்குச் சாயங்காலம் கப்பல் கெளம்புது. வரட்டுமா, இன்னும் ரெண்டு வருசம் இருக்கட்டுமா? நீ சொல்றதுதான்."

கீழே முறத்தின் பதில்: "தங்கள் மடல் கிடைத்தது. அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகப் பார்க்கலாம்."

"அட நாசமாப் போற முறமே!"

முறத்தைத் திட்டி என்ன பயன்? பந்தியில் பிடித்த பலகாரத்தை இலையோரம் ஒதுக்கிவைத்துக் கடைசியில் ருசித்துத் தின்பவள் அவள். கணவன் மடலையும் அப்படித்தான் படிப்பாள். ஊர்ப் புகாரையெல்லாம் முடித்து, வீட்டுக்குப் போய், நிம்மதியாக உட்கார்ந்த பிறகுதான் திறப்பாள். கடைசியில் திறப்பது வேண்டாத மடல் என்று முறம் முடிவு கட்டிவிட்டது.

விறுவிறுவென்று எழுதினாள்: "அது நான் எழுதுனதில்லைங்க. உடனே வந்துருங்க."

பதில் பறந்து வந்தது. "தங்கள் மடல் கிடைத்தது. அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகப் பார்க்கலாம்."

சுகந்தி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க்கா, இது அண்ணனோட முறம் போட்ட பதிலாட்டங்க! அண்ணனும் உங்க மடலைக் கடைசியாத்தான் படிப்பாருங்களா?"

"குளிச்சு முடிச்சுத்தான் படிப்பேன்னு எழுதுவாரு புள்ள." அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இப்படிப்பட்ட மனுசனைக் கப்பல் ஏறாமல் விடுவதா? "அவரு மொதல்ல தொறக்கறது எதைத் தெரியுமா? புகாரை!"

புகார்ப் பிரிவின் முகவரியிலிருந்து ஒரு மடலைத் தட்டினாள். "பம்பு அடியோடு நின்றுவிட்டது. உடனடிக் கவனம் தேவை."

சுகந்தி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதில் வந்தது. "எந்தப் பம்பு? எந்த இடம்?"

"சிங்காநல்லூர். நம்ம வீட்டுக் கெணத்துப் பம்புங்க. நீங்களே நேர்ல வந்து பாக்கோணும். இன்னைக்குக் கப்பல்லயே!"

அடுத்த மடல் 'இப்போதே' தட்டில், எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. ஒரே வார்த்தை: "கெளம்பிட்டேன்."

சுகந்தி கைதட்டினாள். அரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது மின்முறம் பணிவாகக் கேட்டது: "இந்தப் புகார் தீர்ந்ததா?"

தீர்ந்தது என்றால் அவன் மறுபடி கிடக்கட்டும் தட்டுக்குப் போய்விடுவான். 'தீரவில்லை' என்று அழுத்தினாள்.