சடசட சத்தம் வரும்வரை

செம்மலுக்கு அப்பா என்றால் போன்தான்.

அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். இப்போது அவனுக்கு நான்கு வயது. தினமும் சாயங்காலம் அம்மாவின் போனில் அப்பாவின் முகம் வரும். செம்மல் அந்த முகத்துக்கு முத்தம் கொடுப்பான். முழங்காலில் இருக்கும் புண்ணைக் காட்டுவான். பேசி முடித்ததும், எச்சில் பட்ட போனைத் தன் சட்டையாலேயே துடைத்து வைப்பான்.

அந்த அப்பா ஆலங்குடியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கே வந்து ஒன்பது நாளாகிறது. செம்மல் இன்னும் அவர் பக்கத்தில் போகவில்லை.

போனுக்குள் அப்பா உள்ளங்கை அளவுதான் இருந்தார். நேரில் வந்தவரோ நிலைப்படியில் தலை இடிக்கும் அளவுக்கு உயரம். குரலும் பெரிதாக இருந்தது. அவர் கொண்டுவந்த சிவப்பு காரை செம்மல் வாங்கிக்கொண்டான். வாங்கியதும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஓடிவிட்டான்.

"பழகிருவான்ங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் அம்மா செவந்தி.

"இருக்கதே முப்பது நாளுதானே செவந்தி" என்றார் அப்பா.

அதைக் கேட்டதிலிருந்து சுடர்விழிக்கு மனசே சரியில்லை. அவள் செம்மலின் அக்கா, ஐந்தாம் வகுப்பு. அப்பா சிங்கப்பூருக்குப் போகும்போது அவளுக்கு ஏழு வயது ஆகப்போகும் நேரம். அவர் தோளில் ஏறி சந்தைக்குப் போனதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. பாவம், தம்பிக்கு அப்படி ஒன்றுமே இல்லை.

வீட்டு ஃபிரிட்ஜில், பனி உறைந்த மேல் தட்டில், ஒரு பொட்டலம் இருந்தது. அப்பா வேலை பார்ப்பது டம்ப்ளிங் செய்யும் கம்பெனியில். அது சீனர்களின் பலகாரம். மெல்லிய மாவுக்குள் காய்கறி வைத்து, ஓரத்தை மடித்து மடித்து மூடி, கல் மாதிரி உறைய வைத்துப் பொட்டலம் போடுவார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு பொட்டலத்தை தெர்மாகோல் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்திருந்தார்.

"எப்பப்பா சமைப்போம்?" என்று சுடர்விழி தினமும் கேட்டாள்.

"தம்பி எங்கிட்ட வரட்டும்த்தா. மூணு பேருமா சேந்து செய்வோம்" என்று அப்பா தினமும் சொன்னார்.

அப்படித்தான் ஒன்பது நாள் ஓடிவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் நெருங்கியதால் அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை இருந்தது. போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியவள் வாசலில் நின்று சொன்னாள்.

"ஏங்க, நாளைக்கு முழுசும் கரண்டு கெடையாதாம். காலையில ஒம்பது மணிக்கு நிறுத்துனா சாயங்காலந்தான் வருமாம். அந்தப் பொட்டலம் தண்ணி விட்டுரும். இன்னைக்கே செஞ்சுருங்க."

அப்பா செம்மலைப் பார்த்தார். செம்மல் கதவுக்குப் பின்னால் போனான். அப்பா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார்.

வெள்ளை வெள்ளையாக இருபது டம்ப்ளிங் இருந்தன. சுடர்விழி ஒன்றைத் தொட்டுவிட்டு விரலை உதறினாள்.

"ஐஸு போறவரைக்கும் வெளியில வைக்கணுமாப்பா?"

"கூடாது. தண்ணி விட்டா மாவு பிசுபிசுன்னு ஒட்டிக்கிரும். அப்படியே போடணும். எங்க கம்பெனியில மெய்லிங்னு ஒரு சீனக்கா இருக்காங்க. அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க."

அப்பா தவாவில் எண்ணெய் ஊற்றி எட்டு டம்ப்ளிங்கை வட்டமாக அடுக்கினார். அடிப்பக்கம் லேசாகச் சிவந்ததும் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி, சட்டென்று மூடினார். புஸ் என்று ஆவி கிளம்பியது.

"செம்மலு, இங்கிட்டு வந்து பாரு சாமி" என்று அப்பா கூப்பிட்டார்.

கதவோரம் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"டம்ப்ளிங் செய்றோம், பாரு."

"டம்ளரா?" என்றது கதவு.

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததும் அந்தக் கண் மறைந்துவிட்டது. அப்பா கழுத்தை நீட்டி நீட்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நினைவில் மூடியைத் திறந்து டம்ப்ளிங்கைக் கிளறினார். அவ்வளவுதான். அடி தவாவோடு ஒட்டிக்கொள்ள, மேல்மாவு பிய்ந்து, உள்ளே இருந்த முட்டைக்கோசும் கேரட்டும் வெளியே வழிந்தன.

"அவசரப்பட்டுட்டேன்" என்று அப்பா அடுப்பை அணைத்தார். "தண்ணி வத்துறதுக்கு முன்னாடி தொடவே கூடாது. தெரிஞ்சும் தொட்டுட்டேன்."

அவர் பிய்ந்துபோனவற்றை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். சுடர்விழி அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டு டம்ப்ளிங் போனதற்காக யாரும் அப்படி முகம் வாடமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

கூடத்தில் செம்மல் அம்மாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னடா பாக்குற?"

"அப்பா ஏன் இப்பல்லாம் போனுல வரவே மாட்டேங்கிறாரு?" என்றான் அவன். அழுகை வரும்போல இருந்தது.

சுடர்விழி அப்படியே நின்றாள். தம்பிக்கு அப்பாவைப் பிடிக்காமல் இல்லை. ஒன்பது நாளாக அவன் அப்பாவைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

அவள் சமையல்கட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, ஒங்க போனை எடுங்க. தம்பிக்கு வீடியோ கால் போடுங்க."

"இங்கேருந்து கூடத்துக்கா?"

"ஆமாப்பா. முன்னாடி எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க. நான் போனப் புடிச்சுக்கிறேன், நீங்க டம்ப்ளிங் செய்யுங்க."

அப்பா அவளையே ஒரு நொடி பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

கூடத்தில் மணி அடித்தது. செம்மல் பச்சைப் பொத்தானை அமுக்கினான். திரையில் அப்பா வந்தார், உள்ளங்கை அளவில்.

"அப்பா! எங்க போயிருந்தீங்க?"

அப்பா திரைக்கு நெருங்கி வந்தார். செருமிக்கொண்டு, "இங்கதாஞ் சாமி இருக்கேன். சாப்பிட்டியா?" என்றார்.

"இட்லி சாப்பிட்டேன். நீங்க என்ன செய்றீங்க?"

"சமைக்கிறேன். பாக்குறியா?"

சுடர்விழி போனைத் தவாவின் பக்கம் காட்டினாள். அப்பா தவாவைச் சுரண்டித் துடைத்து, எண்ணெய் விட்டு, மீதி பன்னிரண்டையும் அடுக்கி, தண்ணீர் ஊற்றி மூடினார்.

"கொழுக்கட்டை!" என்றான் செம்மல்.

"கொழுக்கட்டை மாதிரிதான். இப்பப் புஸ்ஸுன்னு கேக்குதுல்ல? அது தண்ணி சத்தம். தண்ணி வத்துனதும் சடசடன்னு எண்ணெய் சத்தம் கேக்கும். அப்பத்தான் மூடியத் தொறக்கணும். முதல்ல நான் கேக்காமத் தொறந்து எல்லாத்தையும் பிச்சுப்புட்டேன். நீ கேட்டுச் சொல்றியா?"

செம்மல் போனைக் காதில் வைத்தான்.

"சரியாக் கேக்கல" என்றான். பிறகு திரையை உற்றுப் பார்த்தான். "அப்பா, ஒங்களுக்குப் பின்னாடி எங்க வீட்டுக் காலண்டரு இருக்கு."

"ஆமா, இருக்கு."

"எங்க எண்ணெய்த் தூக்கும் இருக்கு."

கூடத்திலிருந்து சின்னக் காலடிகள் மெதுவாக வந்தன. செம்மல் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, அதற்குள் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான். சமையல்கட்டு வாசலில் நின்றான். திரையைப் பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

அப்பா கையை ஆட்டினார். திரைக்குள் இருந்தவரும் ஆட்டினார்.

செம்மல் இன்னும் ஓர் அடி வைத்தான். இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் கீ என்று காதைக் கிழிக்கும் சத்தம் கிளம்பியது. அவன் திடுக்கிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டான்.

"அணைச்சுருவோமா சாமி?" என்றார் அப்பா. "அணைச்சாலும் நான் போக மாட்டேன். இங்கேயே நிப்பேன்."

செம்மல் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்பாவின் மீசையை, கழுத்தை, கையில் இருந்த கரண்டியை எல்லாம் பார்த்தான். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

சத்தம் நின்றது. திரை கறுத்தது. அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"போகல" என்றான் செம்மல், அக்காவிடம்.

"ஆமாடா, போகல" என்றாள் சுடர்விழி.

"சத்தம் கேக்கணுமே. எனக்கு எட்டாதே."

"தூக்கவா?" என்று கேட்டார் அப்பா.

செம்மல் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

அப்பா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். மூவரும் பேசாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். புஸ் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"இப்பவா?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

"இல்ல, பொறுங்க" என்று செம்மல் அதட்டினான்.

தவா சடசடவென்று பேச ஆரம்பித்தது.

"இப்ப!"

அப்பா மூடியைத் திறந்தார். பன்னிரண்டு டம்ப்ளிங்கும் அடிப்பக்கம் பொன் நிறத்தில் சிவந்து, ஒன்றுகூடப் பிய்யாமல் வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வந்தன. தொட்டுக்கொள்ள, காலையில் அம்மா அரைத்த பூண்டுச் சட்னி இருந்தது. அப்பா ஒன்றைப் பிட்டு, ஆவி போக ஊதி ஊதி ஆற வைத்து செம்மலின் வாயருகே கொண்டுபோனார். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

"கொழுக்கட்டையவிட நல்லாருக்கு" என்றான் மென்றுகொண்டே. "உள்ள வெல்லந்தான் இல்ல."

சாப்பாட்டு நேரத்துக்கு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் செம்மல் இருந்தான். ஒரு கையில் டம்ப்ளிங், இன்னொரு கையில் அப்பாவின் கட்டைவிரல்.

"யாரு செஞ்சது?" என்று கேட்டாள் அம்மா.

"நானும் அப்பாவும். அக்கா போன் புடிச்சா."

அம்மா சுடர்விழியைப் பார்த்தாள். சுடர்விழி தோளைக் குலுக்கிவிட்டு, கிண்ணத்தில் இருந்த பிய்ந்த டம்ப்ளிங்கில் சட்னியை ஊற்றிக்கொண்டாள்.

"அப்பா சாப்பிடட்டும், நீ எங்கிட்ட வா" என்று அம்மா கையை நீட்டினாள்.

"ம்ஹூம். நான் இங்கதான் இருப்பேன்."

தொடை மரத்துப்போய்விட்டது என்று அப்பா சுடர்விழியிடம் கண்ணாலேயே சாடை காட்டினார். ஆனாலும் தட்டு காலியாகும்வரை அவர் காலை மாற்றி வைக்கவே இல்லை.