பாட்டுக் கேட்க வந்தவர்கள்

எக்ஸாஸ்ட் ஃபேனின் இரைச்சல் சட்டென்று நின்றது. மாயெல் கையிலிருந்த டேலியாப் பூக்களை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏய், பூவை மிதிக்காதே!" டிராக்டர் மேல் ஏறி மாலை கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஃபப்ரீஸ் கத்தினான். "என்ன பொண்ணே, குளவி கொட்டிடுச்சா?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. ஒயினுக்காகத் திராட்சை நொதிக்கும் நாட்களில் அந்த ஃபேன் நிற்கவே கூடாது. நின்றால், தொட்டிகளிலிருந்து வழியும் கரியமில வாயு தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஓசையில்லாமல் ஏறும். அதற்கு நிறம் கிடையாது. மூக்கை எட்டிவிட்டால் கூப்பாடு போடக்கூட விடாது.

தொட்டியறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

சுவிட்ச் அணைந்திருந்தது.

ஓங்கி அடித்துப் போட்டாள். ஃபேன் முனகிக்கொண்டே சுழலத் தொடங்கியது. வாசலிலேயே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அரை இருட்டில், பெரிய ஓக் மரத் தொட்டி ஒன்றின் மேல் காதை வைத்தபடி வயதான கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். இருவரும் கண்களை மூடியிருந்தார்கள். இருவர் முகத்திலும் புன்னகை. அந்த அம்மாளின் முழங்கால்கள் மெல்ல மடங்கிக்கொண்டிருந்தன.

மாயெல் ஒரு கையில் அவளையும் மறு கையில் அவரையும் பற்றி இழுத்தாள். வாசற்படி தடுக்கி, மூவரும் வெயிலில் விழுந்தார்கள்.

ஃபப்ரீஸ் தண்ணீரோடு ஓடிவந்தான். "குடிங்க மதாம். இந்த வீட்டு வாசல்ல வந்து தண்ணி குடிச்ச முதல் ஆள் நீங்கதான்."

அந்த அம்மாள் இருமினாள். பேச முடியவில்லை. கணவர்தான் பேசினார். பெல்ஜியத்திலிருந்து வருகிறார்களாம். பெயர் அர்மான். மனைவி கிஸ்லேன்.

"யாரைக் கேட்டு உள்ள போனீங்க?" மாயெல் கத்தினாள். "செத்திருப்பீங்க ரெண்டு பேரும்!"

"நாங்களா போகலையே மத்மசேல். உங்க ஆள்தான் கூப்பிட்டார். 'பாட்டுக் கேக்கத்தானே வந்தீங்க, வாங்க'ன்னார். ஒரே சத்தமா இருக்கேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே அவரே அதை நிறுத்தினார்."

"எந்த ஆள்?"

"வெறுங்காலோட இருந்தாரே, அவர்தான். பேண்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டி விட்டிருந்தார். காலெல்லாம் ஒரே ஊதா நிறம். வாயில அதிமதுரக் குச்சி மாதிரி ஏதோ மென்னுக்கிட்டிருந்தார்."

ஃபப்ரீஸின் கையிலிருந்த குவளை சாய்ந்தது. தண்ணீர் அவன் பூட்ஸ் மேலேயே கொட்டியது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"இப்பல்லாம் தொட்டிக்குள்ள இறங்கிக் காலால மிதிக்கிறவங்க யாருமில்லை, மிஸ்யே," என்றான் மெதுவாக. "இங்க அப்படி மிதிச்சவர் ஒருத்தர்தான்..."

மாயெலைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவளுடைய அப்பா ரெஜி இறந்து ஒரு வருடமாகிறது.

போன வருடமும் அறுவடையின் கடைசி நாள்தான். இதே போல டிராக்டருக்கு டேலியா கட்டிக்கொண்டிருந்தார்கள். மிதிப்பதற்காக வெறுங்காலோடு போன அப்பாவைத் தொட்டிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடக்கக் கண்டார்கள். ஃபேன் ஓடவில்லை.

தினமும் காலையில் அந்த ஃபேனைப் போடுவது மாயெலின் வேலை. அன்றும் போட்டதாகத்தான் ஞாபகம். குளிர்ந்த சுவிட்ச் விரலில் பட்டதுகூட நினைவிருந்தது. ஆனால் அது வேறொரு நாளின் நினைவாக இருக்கலாமே? ஒரே மாதிரியான காலைகளில் இதை எப்படிப் பிரித்தெடுப்பது?

முதலில் ஓடிவந்தவள் ஒதீல் அத்தை. அப்பாவின் அக்கா. மாயெலை மார்போடு இறுக்கிக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "மறதி யாருக்குத்தான் வராது, கண்ணு? போலீஸ்ல உங்கப்பனே நிறுத்திட்டான்னு சொல்லிட்டேன். உன் பேரு வெளிய வராது. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள."

அதன் பிறகு ரொட்டிக் கடையில் யாராவது, "ரெஜி காலையிலேயே ஊத்திக்கிட்டுப் போயிருப்பான்," என்று சிரிக்கும்போதெல்லாம் மாயெல் வாய் திறக்கவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிடுவாள். குடிக்காத மனிதர். அவரைக் கொன்றதும் அவள். ஊர் வாயில் அவரைக் குடிகாரராக விட்டதும் அவள். படிக்க மோன்பெலியே போக வேண்டிய பெண், அத்தையின் நிழலிலேயே தங்கிவிட்டாள். அத்தை என்ன சொன்னாலும் சரி என்பாள். கடனாளி வேறென்ன சொல்ல முடியும்?

இப்போது அப்பா திரும்பி வந்திருக்கிறார். அதே நாளில். அதே சுவிட்சை அணைத்துக் காட்டியிருக்கிறார்.

'நீ செய்ததைப் பார்' என்கிறாரா?

"என்ன கூட்டம் இங்க?"

ஒதீல் அத்தை வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். விருந்தாளிகளைக் கண்டால் எட்டு ஊருக்குக் கேட்கும் குரலில் வரவேற்பவள். இன்று பெல்ஜியக்காரர்களின் முகத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

கிஸ்லேன் அம்மாள் கையை உயர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்து அமுக்கியது.

"பேசாதீங்க மதாம், பேசவே கூடாது," அத்தை விரைந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ்யே, காரை எடுங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க ஏன் நேரத்தை வீணாக்கிக்கிட்டு?"

"ஒரு பெட்டி ஒயின்கூட விக்காம ஆளை அனுப்புறாங்களா!" ஃபப்ரீஸ் முணுமுணுத்தான். "இன்னைக்கு மழைதான் வரப்போகுது."

அர்மானின் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. காரை ஓட்டும் நிலையில் அவர் இல்லை. காற்றாட உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்றார். வால்நட் மரத்தடி பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்தார்கள். அத்தை தானும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன நினைச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?" அத்தை கேட்டாள். குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது.

"அந்தப் பாட்டுக்காகத்தான்," என்றார் அர்மான்.

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாயெலுக்கு அது உறுத்தியது. பிரான்ஸின் இந்தப் பர்கண்டிப் பகுதிக்கு ஏன் வர வேண்டும் என்று யார் கேட்டாலும் அத்தையிடம் ஒரு தயார்ப் பேச்சு உண்டு. 'வண்ண ஓட்டுக் கூரையா? அதை எல்லாரும் காட்டுவாங்க. நத்தையும் கடுகும் எந்த ஓட்டல்லயும் கிடைக்கும். துறவிங்க கட்டின மதில் எங்கயும் ஓடிப் போகாது. ஒயின் பாடுறதைக் கேக்கணும்னா மட்டும் எங்க வீட்டுக்குத்தான் வரணும்!' கடைசி வரியை ஒரு பாட்டுக்காரியைப் போல நீட்டிச் சொல்வாள். இந்த வருடம் அந்த வரி மட்டும் காணாமல் போயிருந்தது. தம்பி போன துக்கம் என்று மாயெல் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. திராட்சை பறிப்பவர்கள் கத்திக்கொண்டும் ஒருவர் தொப்பியை ஒருவர் பிடுங்கிக்கொண்டும் கொட்டகைக்குள் போனார்கள். ஒயினில் வெந்த மாட்டிறைச்சியின் வாசனை முற்றமெங்கும் பரவியது.

மாயெல் சாப்பிடப் போகவில்லை. மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு தொட்டியறைக்கு நடந்தாள். அப்பாவிடம் கேட்க வேண்டியதை இன்றே கேட்டுவிட வேண்டும். கேட்காமல் இன்னொரு வருடம் அவளால் வாழ முடியாது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சுடர் நிமிர்ந்து நின்றது; மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை. நசுங்கிய தோல், ஈர மரம், ஈஸ்ட். அதற்குள்ளிருந்து மெல்லிய இழையாக இன்னொன்று.

அதிமதுரம்.

"அப்பா..."

தொட்டியின் மேல் கையை வைத்தாள்.

"நான்தாம்பா. சுவிட்சைப் போட்டேன்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

ஃபேன் நின்றது.

அந்த அமைதியில் ஒயின் பாடத் தொடங்கியது. முதலில் ஓட்டின் மேல் விழும் தூறல் போல. பிறகு அடுப்பில் பால் பொங்குமுன் எழும் சலசலப்பு போல. தொட்டிக்குத் தொட்டி அது தாவியது. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று எடுத்தது. நடுவில் எங்கோ ஒரு மூச்சு ஏறி இறங்கியது.

மனித மூச்சு.

ஓட வேண்டும் என்று உடம்பு சொன்னது. அவள் ஓடவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவள் எப்படி ஓடுவாள்? மண்டியிடுவதற்காகக் குனிந்தாள். கையோடு மெழுகுவர்த்தியும் தாழ்ந்தது.

இடுப்பு மட்டத்தில் சுடர் அணைந்தது.

அவள் கவனிக்கவில்லை. முழங்கால்கள் தரையைத் தொட்டன. தலை சுற்றியது. கண்ணோரத்தில் கறுப்பு புகுந்தது. சுகமாகத்தான் இருந்தது.

அப்போது அவளுடைய அக்குள்களில் இரண்டு கைகள் நுழைந்தன.

ஈரமான கைகள். கொழகொழவென்று, திராட்சைத் தோல் ஒட்டியிருந்த கைகள். சிறுமியாக இருந்தபோது அவளைத் தொட்டிக்குள் மிதிக்க இறக்கிவிடுவதற்கு அப்பா தூக்குவாரே, அப்படியே தூக்கின. கால்கள் தரையை விட்டு எழுந்தன. கழுத்தருகே குளிர்ந்த மூச்சு.

"மண்டி போடாதே."

கைகள் இன்னும் இறுகின.

"நீ இல்லை."

வாசல் அவளை நோக்கிப் பறந்து வந்தது.

கண் திறந்தபோது வெயிலில் கிடந்தாள். எழுந்து நின்றாள். வெள்ளைச் சட்டையின் இரண்டு பக்கமும் விரல் விரலாக ஊதாக் கறை. பெரிய கைகளின் கறை.

நீ இல்லை.

அப்படியானால் யார்?

தள்ளாடிக்கொண்டே வால்நட் மரத்தடிக்கு வந்தாள். அத்தை அவளைப் பார்த்தாள். பார்வை சட்டைக்கு இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது.

"எங்கடி போனே?" என்றாள் அத்தை. "போய்ச் சட்டையை மாத்து. போ."

மாயெல் அசையவில்லை. அவள் கவனம் முற்றத்துக் கல் தரையில் இருந்தது. தொட்டியறை வாசலிலிருந்து ஈரப் பாதச் சுவடு ஒன்று பதிந்தது. அடுத்து இன்னொன்று. சுடும் வெயிலில் அவை உலரவில்லை. யாரும் நடக்கவில்லை. சுவடுகள் மட்டும் நடந்தன. ஊதா நிறத்தில், நிதானமாக, அவளைத் தாண்டி, பெஞ்சைச் சுற்றி, அத்தையின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன.

அதிமதுர வாசனை அடித்தது.

அத்தையின் மூக்கு விடைத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிஸ்லேன் அம்மாளுக்கு இருமல் அடங்கியிருந்தது. மாயெலின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாவம், எங்களால உனக்குத்தான் எவ்வளவு கஷ்டம்! தப்பு எங்க மேலதாம்மா. நிறுத்துறது இங்க வழக்கம்தான்னு நினைச்சுட்டோம்."

"மதாம், கொஞ்சம் ஓய்வெடுங்களேன்..." என்றாள் அத்தை.

"இருங்க, நான் சொல்லிடறேன்." அந்த அம்மாள் சிரித்தாள். "போன வருஷமும் நாங்க வந்தோம்மா. இதே மாதிரி டிராக்டருக்குப் பூக்கட்டிக்கிட்டிருந்தீங்க. எங்களுக்குப் பாட்டுக் கேக்கணும்னு உங்க அத்தைதான் அன்னைக்கு அந்த ஃபேனை நிறுத்தினாங்க. வாசல்லயே நின்னு கேட்டோம். அப்புறம் மேல கூட்டிட்டுப் போய் ருசி பாக்கக் குடுத்தாங்க. ரொம்ப நேரம் இருந்தோம். நாங்க கிளம்பிக் கார்ல ஏறும்போதுகூட, பாரேன், ஃபேன் சத்தமே இல்லாம ஒயின் பாடிக்கிட்டேதான் இருந்துச்சு."