மொட்டை மாடிப் புல்

அந்த வீட்டில் அன்று காலை எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசினார்கள்.

மருமகள் சமையலறைத் தொட்டியின் மேல் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம். மசக்கை ஓய்ந்து, ஒரு வாய் சாப்பாடு உள்ளே இறங்கத் தொடங்கிய நேரத்தில்தான் இந்த நாற்றம் வீட்டுக்குள் வந்து குடியேறியது. லேசுப்பட்ட நாற்றமா அது? அழுகிய முட்டையும் சாக்கடைச் சேறும் சேர்ந்த நாற்றம். தலையணையில், துவைத்து மடித்த துணியில், குடிக்க எடுத்த டம்ளரில் என்று எங்கே முகத்தைக் கொண்டுபோனாலும் அதுதான் முன்னால் வந்து நின்றது.

மகன் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"இதுக்கு மேல முடியாதும்மா. நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

"யாரும் போக வேண்டாம்." அப்பா கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினார். "போக வேண்டியவரைத்தான் அனுப்பறோமே. சாயங்காலம் முதியோர் ஹோமிலிருந்து வண்டி வருது. அந்த நேரம் எல்லாரும் மொட்டை மாடித் திறப்பு விழாவில இருப்பாங்க. சத்தமில்லாம ஏத்தி அனுப்பிடலாம். யார் கண்ணிலயும் படாது."

"உங்க அண்ணன் என்ன, பழைய சோபாவா... யார் கண்ணிலயும் படாம ஏத்தி அனுப்ப?" என்றாள் அவர் மனைவி, தையல்காரம்மா.

"பழைய சோபா நாறாது," என்றார் அவர்.

தையல்காரம்மா கையிலிருந்த ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்தாள். தையல் கடையை மூடி வருடக்கணக்கானாலும் கட்டடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். கணவரின் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது, 'ஹோமில் சேர்த்துவிடலாம்' என்றுதான் அன்றைக்கும் பேச்சு வந்தது. அவள்தான் கடைக்குப் பூட்டுப் போட்டு, மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்து அவர் கட்டிலோரம் போட்டாள். மருந்து பாட்டில்கள் வைக்க அதுதான் மேஜை. துணி வெட்டும் பெரிய கத்தரி மட்டும் எண்ணெய் போட்டு, உறையில் பத்திரமாக இருந்தது.

பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பஸ் ஓட்டி, தம்பியைப் படிக்க வைத்தவர். தம்பி டை கட்டி ஆபீசுக்குப் போன முதல் நாள், தன் பஸ்ஸிலேயே ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டாராம். இப்போது அந்தத் தம்பி அவர் அறை வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். படுத்திருப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கண்ணும் நன்றாகத் தெரியும் என்பது யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கணவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேலையில் இருந்தவரை அவர் மணியடித்தால் ஓடி வர ஆள் இருந்தது. ஓய்வு பெற்றதும் வீட்டில் மணியடித்துப் பார்த்தார், மனைவி ஒருத்திதான் வந்தாள். அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செக்ரட்டரியாகத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மனிதருக்கு உயிர் வந்தது. பால்கனியில் துணி காயக் கூடாது. வேலைக்கு வருகிறவர்கள் படியில் உட்காரக் கூடாது. மொட்டை மாடிக்கு யாரும் போகக் கூடாது. நோட்டீஸ் ஒட்டி ஒட்டி லிஃப்ட் கண்ணாடியில் முகம் பார்க்க இடமில்லாமல் போயிற்று. மாடிச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அங்கே செயற்கைப் புல் விரித்து, நாற்காலி போட்டு, நகரத்திலேயே நம் கட்டடம்தான் முதல் என்று சொல்ல வைக்கப்போகிறாராம்.

நாற்றம் கிளம்பியதும் அவர் ஒட்டிய நோட்டீஸ்தான் எல்லாவற்றையும் விட அருவருப்பு. 'எந்த வீட்டிலிருந்து துர்நாற்றம் வருகிறதோ அந்த வீட்டு எண் இங்கே ஒட்டப்படும்.' பாரபட்சம் இல்லாதவர் என்று காட்டிக்கொள்ள முதலில் தன் வீட்டு எண்ணையே ஒட்டினார். பக்கத்தில் 'படுக்கையில் நோயாளி' என்று வேறு எழுதினார். சொந்த வீட்டையும் விட்டுவைக்காத செக்ரட்டரி என்று ஜனங்கள் கை குலுக்கினார்கள். லிஃப்டில் அவளைக் கண்டால் ஒதுங்கி நின்றார்கள். அண்ணனின் மலத்தைக் காட்டி வாங்கிய பாராட்டு அது.

கணவரும் மகனும் கிளம்பிப் போனதும் அவள் பெரியவரைத் துடைத்து, போர்வை மாற்றி, குளியலறையைத் தேய்த்துக் கழுவினாள். சோதனைக்காகப் போன வாரம் அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த அவர் அறையைத் திறந்தபோதும் நாற்றம் அப்படியே இருந்தது. 'சுவரில் ஊறிப் போச்சு' என்று கணவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவளுக்கு மட்டும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மாடி வீட்டில் யாரோ கக்கூஸில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். இவள் குளியலறை மூலையில், தண்ணீர் போகும் ஓட்டைக்குள் குளுக் குளுக் என்று ஒரு சத்தம். இப்போதுதான் ஊற்றிய தண்ணீர் வாய் வைத்து உறிஞ்சியது போல உள்ளே போயிற்று. அடுத்த நிமிடம் அந்தக் காலி ஓட்டையிலிருந்து நாற்றம் குபுகுபுவென்று மேலே வந்தது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, ஈரக் காலோடு மாடி வீட்டுக்குப் படியேறினாள்.

அங்கே இருந்தது ஓய்வு பெற்ற ஸ்கூல் டீச்சர். கதவை ஒரு சாண்தான் திறந்தார். உள்ளேயிருந்து வாசனை ஸ்ப்ரே ஆளை அடித்தது. அதற்கு அடியில் அதே நாற்றம்.

"டீச்சர்... உங்க வீட்டிலயுமா?"

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. "மெல்லப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா நம்பரை ஒட்டிடுவாங்க. எனக்கு என்ன சீக்கோ, என் உடம்பிலிருந்துதான் வருதோன்னு தினம் மூணு வேளை குளிக்கிறேன்."

"கீழ் வீட்டில?"

"அவங்க ஜன்னலையே திறக்கறதில்ல. யாரைப் போய்க் கேக்கறது? எல்லாரும் மூடி வச்சுக்கிட்டிருக்கோம்."

மூடி வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லோடுதான் அவள் படியிறங்கினாள். இறங்கும்போது மொட்டை மாடி ஞாபகம் வந்தது. தடை போடும் முன் பெரியவரின் போர்வைகளை அங்கேதான் காயப்போடுவாள். கொடி கட்டுவது, தரையிலிருந்து இடுப்பளவு நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களுக்கு நடுவில். அந்தக் குழாய்களின் வாய் திறந்தே இருக்கும். கிட்டே போனால் சாக்கடை வாடை வரும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் போர்வையைப் போடுவாள். அங்கே வெளியே போய்க்கொண்டிருந்த வாடை இப்போது எங்கே போகும்?

கணவருக்குப் போன் போட்டாள்.

"மாடில கொடி கட்ற குழாய் ரெண்டும் எங்க?"

"எது, அந்த அசிங்கமா? அறுத்து, மூடி போட்டு, மேல புல்லை விரிச்சாச்சு. எதுக்குக் கேக்கற?"

"அதை மூடினதாலதாங்க நாத்தம் வீட்டுக்குள்ள வருது. மேல போக வழியில்லாம..."

"நீ டெய்லர். ஜாக்கெட்டுக்கு அளவெடு. கட்டடத்துக்கு அளவெடுக்க நான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டார். அவள் மருமகளின் அறைக் கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் பெரிய மாமா ரூமுக்கு வாம்மா."

"அத்தை, என்னால முடியாது... வாந்தி வரும்."

"தெரியும். இந்த வீட்லயே இப்ப உன் மூக்குதான் பொய் சொல்லாது. எனக்காக ஒரே ஒரு தடவை வா."

மருமகள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தன்னைக் கண்டு அந்தப் பெண் முகம் சுளிப்பதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"முகத்தில சுத்தின துணியை எடுத்துட்டு அவரை மோந்து பாரு. தலையணை, போர்வை, எதை வேணும்னாலும் பாரு."

மருமகள் தயங்கித் தயங்கிக் குனிந்தாள். சோப்பு வாசனை. வெயிலில் காயாமல் மின்விசிறியில் காய்ந்த பருத்தித் துணியின் வாசனை. வேறொன்றும் இல்லை. அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"இப்ப இங்க வா." குளியலறை மூலைக்குக் கூட்டிப் போனாள். அந்த ஓட்டைக்கு மேலே குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தை... இவர் இல்லியா இது? இத்தனை நாளா இவரைப் போய் நான்..."

"உன் மேல தப்பில்ல கண்ணு. உனக்கு வயித்தைப் பிரட்டுச்சு, சொன்ன. இவர் கூடவே பிறந்தவருக்கு என்ன வந்துச்சு?"

சாயங்காலம் வண்டி வந்து கீழே நின்றது. மாடியில் ஒலிபெருக்கி கணீரென்று கேட்டது. தையல்காரம்மா உறையிலிருந்து கத்தரியை எடுத்து முந்தானையில் செருகிக்கொண்டாள்.

"வண்டிக்காரங்க வந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க," என்றாள் மருமகள்.

மொட்டை மாடி பச்சைப் பசேலென்று இருந்தது. கட்டடமே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருவர் மேலும் தேவைக்கு மேல் சென்ட். செக்ரட்டரி மைக்கைப் பிடித்துத் தூய்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவழியில் மனைவி செருப்பில்லாத காலால் புல்லைத் தடவித் தடவி நடப்பதைக் கண்டு அவர் பேச்சு தடுமாறியது.

கொடி கட்டிய இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். காலடியில் ஒரு மேடு தட்டுப்பட்டது. உட்கார்ந்தாள். கத்தரியை எடுத்தாள். துணி வெட்டிய கை, ஒரு இழை கோணாமல் புல்லை வெட்டியது.

"ஏய், என்ன பண்ற? சங்கத்துச் சொத்து அது. யாராவது அவளைப் பிடிங்க. நைட்டெல்லாம் தூங்காம மூளை குழம்பிப் போச்சு இவளுக்கு."

மகன் எழுந்து ஓடிவந்தான். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா... எழுந்திரு."

"பாக்கட்டும். நீ அந்த ஓரத்தைத் தூக்கிப் பிடி."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்கு அவன் கட்டுப்பட்டான். புல்லைத் தூக்கிப் பிடித்தான். அடியில் வெள்ளை மூடி ஒன்று, டேப் சுற்றி இறுக்கியிருந்தது. அவள் டேப்பை வெட்டி, இரண்டு கையாலும் மூடியைத் திருகி எடுத்தாள்.

வந்தது பாருங்கள். முன்வரிசை நாற்காலிகள் சரிந்தன. சென்ட்டெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்திருந்த செக்ரட்டரி அதிலேயே ஓங்கரித்தார், அது ஒலிபெருக்கியில் கட்டடம் முழுவதும் கேட்டது.

மாடி வீட்டு டீச்சர்தான் முதலில் எழுந்தார். "இதேதான். என் வீட்டில வர்றதும் இதே நாத்தம்தான்." பின்வரிசையிலிருந்து, "எங்க வீட்டிலயும்," என்று இன்னொரு குரல். பிறகு ஒவ்வொருவராக. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. தையல்காரம்மா அடுத்த மேட்டையும் வெட்டித் திறந்தாள். எழுந்து வந்து, பிசுபிசுத்த அந்த மூடியைக் கணவரின் வெள்ளைச் சட்டைமுன் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"இந்தாங்க. நம்பரை ஒட்டணும்னா இதுக்கு ஒட்டுங்க," என்றாள். "தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்காம உங்களை ஆளாக்கினவர் அவர். வாய் பேச முடியாதுங்கற ஒரே தைரியத்தில அவர் மேல பழியைப் போட்டீங்களே... உங்க கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதை நினைச்சா இந்தக் குழாய் நாத்தம் எனக்குத் தேவலாம் போல இருக்கு."

பதிலுக்குக் காத்திராமல் அவள் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் பெரியவர் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் ஹோம் ஆட்கள் இரண்டு பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள். "அந்தப் பொண்ணு திறக்கவே மாட்டேங்குதும்மா. 'எங்க மாமா எங்கயும் வரமாட்டார்'னு உள்ளேயிருந்தே கத்துது."

"அதேதான். நீங்க கிளம்புங்க தம்பி," என்றாள்.

கதவு திறந்தது. மருமகள் மாமியாரைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "வேற வீடெல்லாம் வேண்டாம் அத்தை," என்று அவள் தோளிலேயே சொன்னாள். தையல்காரம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். அத்தனை நாள் வராத கண்ணீர் அப்போதுதான் அவளுக்கும் வந்தது.

செக்ரட்டரி வந்து சேர நேரமாயிற்று. மாடியில் ஆளாளுக்குக் கேட்டிருப்பார்கள். சட்டையெல்லாம் அந்த நாற்றம். மூடி இன்னும் கையிலேயே இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொண்டுவந்துவிட்டார் போலும். அண்ணன் அறை வாசலில் நின்றார். பழக்கதோஷத்தில் கை மூக்குக்குப் போனது, பாதியில் நின்றுவிட்டது.

"அண்ணே..." என்றார். உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தார்.

பெரியவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நன்றாயிருந்த இடது கையை மெல்ல, மிக மெல்லத் தூக்கி, இரண்டு விரலால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அப்போது அந்தக் கோணிய வாய் இன்னும் கோணி, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தம்பி கட்டிலோரம் மடங்கி விழுந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தையல்காரம்மா அவரை எழுப்பவும் இல்லை, தேற்றவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், வாளியில் வெந்நீரும் ஒரு துண்டும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"முதல்ல உங்க கையைக் கழுவுங்க," என்றாள். "அப்புறம் அவரைத் துடைச்சு விடுங்க. இனிமே இது உங்க வேலை."