அடுத்தவள் ஓடை

அன்று காலையும் செம்மலரின் மணிக்கட்டில் ஓடைமானி அதிர்ந்தது. "உன் பகுதி 69. ஜெசிந்தா பகுதி 76."

இன்றும் அதே ஏழு வித்தியாசம். செம்மலருக்கு வயிறு பற்றி எரிந்தது.

பிளஸ் டூ மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் மலையடிவார ஓடையில் நூறு மீட்டரைப் பராமரிக்கும் பொறுப்பு. தவளைச் சத்தம், தண்ணீரின் தெளிவு, கரையில் வளரும் நாட்டுச்செடிகள் என்று எல்லாவற்றையும் அளந்து ஓடைமானி தினமும் மதிப்பெண் போடும். பக்கத்துப் பகுதிக்காரரின் மதிப்பெண்ணையும் சேர்த்தே காட்டும். மழைக்காலத்துக்குள் எண்பதைத் தொடுகிற எல்லோருக்கும் வனக்கல்லூரியில் இடம் உண்டு. இருவருமே தொடலாம். பொறாமைக்கு இதெல்லாம் புரியுமா என்ன?

கை கொப்பளிக்க, வெளிநாட்டுக் களையான உண்ணிச்செடியைப் பிடுங்கினாள். கரையில் நீர்நொச்சி நாற்று நட்டாள். 73 ஆனது. ஜெசிந்தா எண்பது!

மதியம் ஜெசிந்தா சாப்பிடப் போன நேரம் பார்த்து மேலே ஏறிப்போய், அவள் அடுக்கியிருந்த கல்தடுப்பின் அடிவரிசையை உருவிவிட்டாள். தேங்கிய தண்ணீர் சேற்றோடு பாய்ந்தது. கீழே இருப்பது தன் பகுதி என்பது அப்புறம்தான் உறைத்தது. நட்ட நாற்றெல்லாம் போயிற்று.

திரும்பி வந்த ஜெசிந்தா கல்லையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணுன? தெனமும் என்னய விட ஏழு கூட எடுக்குறவ நீதானடி!"

அவள் நீட்டிய ஓடைமானியில் அவளுக்கு 72, செம்மலருக்கு 79.

இருவரும் ஆசிரியர் அருளப்பனிடம் ஓடினார்கள். அவர் மழுப்பவில்லை.

"ஆமாம்மா. உங்க மார்க்கோட ஏழு கூட்டி, பக்கத்தாளு மார்க்குன்னு அதுவா காட்டும். அஞ்சுன்னா மெத்தனமா இருக்கீங்க. பத்துன்னா சோர்ந்து போறீங்க."

வகுப்பே கொதித்தது. அருளப்பன் பொய்யை நிறுத்தினார். எல்லோரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்ததும் எல்லோருடைய கையும் ஓய்ந்தது. சமாதானமான தோழிகள் இருவரும் கல்லடுக்க உட்கார்ந்து, பேசியே பொழுதைப் போக்கினார்கள். உண்ணிச்செடி மறுபடி தலைதூக்கியது. இரண்டே வாரத்தில் செம்மலரின் பகுதி 61. மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

செம்மலர் தனியாக அருளப்பனிடம் போனாள்.

"சார், எனக்கு மட்டும் அந்தப் பொய்ய மறுபடி போட்டு விடுங்க. ஜெசிந்தாவுக்குத் தெரிய வேணாம்."

"அவ நேத்தே வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாளே!"

நேற்றேவா! இதிலும் அவள்தான் முந்தினாளா? செம்மலர் அதற்குமேல் நிற்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள்.

உண்மையில் ஜெசிந்தா அவரிடம் இன்னும் வரவேயில்லை. வந்தால் அவளிடமும் இதையேதான் சொல்ல வேண்டும் என்று அருளப்பன் நினைத்துக்கொண்டார்.