ஒதுக்கி வைத்த சிலிர்ப்பு

நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பர்னபாஸ் நாத வங்கிக்குக் கட்டவேண்டிய பாக்கி. காசிமேட்டைக் கடல் தின்ற பிறகு மிதவைக் குடியிருப்பில் ஓர் அறை வாங்கிய கடன். அடுத்த மாதம் மகள் பிலோமினாவுக்குப் பதினெட்டு முடிகிறது. முடிந்த அன்றே பாக்கி அவள் பெயருக்கு மாறிவிடும், சட்டம் அப்படி. அதற்குள் தீர்த்தாகவேண்டும்.

வழக்கம்போல் காலையில் கேட்புக் கூடத்துக்குப் போனான். அளவைக்காரி இன்பவல்லி ஒரு பக்கம் பிடிக்க, கிட்டார் ஒலியைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்பைத் தூக்கி மேசைமேல் வைத்தான். நல்ல கனம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த உடம்புக்குத் தூக்குவது கஷ்டமில்லை. கேட்பதுதான் கஷ்டம்.

"இன்னாண்ணா, துன்னியா?"

"துன்னேன். இட்லின்னு பேரு வச்ச எதையோ."

ஆம்புக்குள் வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூட்டில் தூசு கருகும் வாசம் வந்தது. இன்பவல்லி அவன் முன்கையில் சிலிர்ப்பளவியைக் கட்டினாள். பட்டையான ஒரு காப்பு, அதில் ஓர் எண்.

இப்போது பாட்டெல்லாம் எந்திரம் போடுவதுதான். இந்தப் பழைய ஆம்பின் உள்சுற்றையும் அது அப்படியே நகலெடுத்துவிட்டது. ஆனால் எந்தத் திருகை எங்கே வைத்தால் எந்த வகைப் பாட்டு மனிதனைப் பிடித்து உலுக்கும் என்று அதற்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு தோல் வேண்டியிருந்தது. எந்திரம் கிட்டாரை வாசிக்கும், திருகுகள் நகரும், மயிர் நட்டுக்கொண்டால் எண் ஏறும். தோல் அடங்கும்வரை அதே வகையைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அடங்கிய பிறகு அந்த வகைப் பாட்டுக்கு அந்த உடம்பு ஆயுசுக்கும் சிலிர்க்காது. அந்தச் சிலிர்ப்பைத்தான் வங்கி கடனில் கழித்துக்கொள்ளும்.

மெட்டல் பாட்டுக்கு, ஒலியைக் கரகரக்கவைக்கும் கெயின் திருகை முழுக்க ஏற்றி, நடு ஒலியைக் குறைத்து, அடி ஒலியான பேஸைக் கதவு அறைவதுபோல் இறுக்கமாக வைக்கச் சொன்னவன் பர்னபாஸ். ஜாஸுக்கு மேல் ஒலியான ட்ரெபிளை இறக்கி, ஒலி உடையாமல் வெதுவெதுப்பாக. ப்ளூஸுக்கு உடையும் விளிம்பில்: மெல்லத் தொட்டால் தெளிவு, ஓங்கி அடித்தால் கரகரப்பு. எல்லாம் கழிந்தன. இப்போது அவை காதில் விழும்போது மின்விசிறி ஓடுவதுபோல் இருக்கும்.

இப்படிச் சிலிர்ப்பை விற்கும் கேட்பாளிகள் ஆளுக்கு ஒரு வகையை விற்காமல் வைத்துக்கொள்வார்கள். வீட்டுப் பாட்டு என்று அதற்குப் பெயர். யாரும் யாரிடமும் உன்னுடையது எது என்று கேட்பதில்லை. அவனுடையது சாவு வீட்டில் பாடுகிற கானா. பிலோமினா கிட்டாரில் வாசிப்பதும் அதைத்தான். அதற்கு வங்கி சொன்ன விலையில் மொத்தப் பாக்கியும் தீர்ந்துவிடும். இன்று அதை விற்கத்தான் வந்திருந்தான்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடுண்ணா."

"ஆரம்பி."

"பிலோவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுடுமா அது?"

கிட்டார் ஒலி எழுந்தது. பர்னபாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"நடுவை ஏத்து. குரலு அங்கதான் குந்தும். கெயின் ஜாஸ்தி. அழுது முடிச்சவன் தொண்டை மாதிரி இருக்கணும், அழுவுறவன் மாதிரி இல்ல. ஆங், இதான்."

சரியாகத்தான் இருந்தது. மேசைப் பலகை அதிர்ந்தது. காப்பைப் பார்த்தாள் இன்பவல்லி. பூஜ்யம். மறு கைக்கு மாற்றினாள். பூஜ்யம். காப்பு பழுதோ என்று தன் கையில் கட்டிப் பார்த்தாள். எண் விர்ரென்று ஏறியது. சுட்டதுபோல் உருவிக் கீழே வைத்துவிட்டாள்.

கிட்டாரை நிறுத்தினாள்.

"ண்ணா, ஒண்ணு கேக்குறேன். இங்க வர்றதுக்கு முன்னாடி மெட்டலு இன்னான்னே உனக்குத் தெரியாது. அதுக்கு எப்டி சிலிர்த்துச்சு?"

"எங்கண்ணன் செத்தப்போ மாமன் பாடுச்சு. அதை நெனச்சுக்குவேன். தானா ஏந்துக்கும்."

"ஜாஸுக்கு?"

"அதையேதான்."

"ப்ளூஸுக்கு?"

அவள் கழற்றி வைத்த காப்பைப் பார்த்தான் பர்னபாஸ்.

"எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க" என்றாள், அவனைப் பார்க்காமல். "ஒவ்வொரு வாட்டியும் நீ வித்தது இதைத்தாண்ணா."

துக்கம் வரும் என்று பர்னபாஸ் காத்திருந்தான், தாமதமாகும் பேருந்துக்குக் காத்திருப்பதுபோல. வரவில்லை.

"அப்போ கடன்?"

அவள் வங்கித் திரையில் தட்டினாள். வங்கி யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. 'வறண்ட கணக்கு. வசூலிக்க ஏதுமில்லை.'

"பிலோ பேருக்குப் போவாதில்ல?"

"போவாது. செத்த கணக்கு யார் பேருக்கும் போவாது."

ஆம்ப் ஆறும்வரை இருந்து, அவளோடு சேர்ந்து அதைத் தூக்கி இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

பிலோமினா வாசித்துக்கொண்டிருந்தாள். மாமன் பாடிய அதே மெட்டு. முடித்ததும் எப்போதும்போல் அவன் கையைத் தடவிப் பார்த்தாள்.

"ட்ரெபிளைக் கொஞ்சம் கொற" என்றான் பர்னபாஸ்.

அவள் மறுபடி தடவினாள். முழங்கைவரை தடவினாள். பிறகு கையை எடுக்காமலே கேட்டாள்.

"எவ்ளோக்கு வித்த, நைனா?"

"விக்கலம்மா. தள்ளுபடி பண்ணிட்டாங்க."