அலமாரிக் கதவின் உள்பக்கம்

அக்காவின் பெட்டியை மூட வேண்டுமென்றால் யாராவது அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். அந்த வேலைக்காகத்தான் சுண்டெலியை விடுதியின் மூன்றாம் மாடிக்கு அனுப்பியிருந்தார் அப்பா.

சுண்டெலிக்குப் பத்து வயது. எந்தச் சந்துபொந்திலும் புகுந்துவிடுவாள் என்பதால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. இன்று அவளுக்கு எதிலும் புகுந்து பார்க்க மனம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறாள்.

"படிப்பு பிடிக்கலைப்பா" என்று அக்கா போனில் சொன்னதிலிருந்து அப்பா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவர் லாரி ஓட்டுநர். ஆறு மாதத்துக்கு முன் விபத்தில் கால் ஒடிந்தது. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. அதனால் நண்பரின் வேனிலேயே கீழே உட்கார்ந்திருந்தார்.

அறையில் நான்கு கட்டில்கள். ஒன்றில் மெத்தையே இல்லை. அக்காவின் அறைத்தோழிகள் இருவரும் அங்கே இருந்தார்கள். நெட்டை அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அக்கா ஒரே போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

அக்கா ஓர் அழிப்பானைச் சுண்டெலியிடம் நீட்டினாள்.

"அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் மூணாவதா இருக்கறது நான் எழுதினது. அதை அழிச்சிடு. என்னால முடியலை."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சுண்டெலி கதவைத் திறந்தாள். 'முதல் சம்பளத்தில்' என்று பென்சிலில் பெரிதாகத் தலைப்பு. அதன் கீழே, நெட்டை: 'வயிறு முட்டச் சாப்பாடு. இரண்டு தடவை.' கண்ணாடி: 'அம்மாவின் பல்வலிக்கு நல்ல டாக்டர்.' மூன்றாவது அக்காவின் கையெழுத்து: 'அப்பாவுக்கு மெத்தென்ற செருப்பு. அம்மாவுக்கு ஒரு வாரம் ஓய்வு. சுண்டெலிக்கு சைக்கிள்.'

நான்காவது இடத்தில் வெறும் சாம்பல்நிறக் கறை.

"இது யாரோடது?"

"போன வருஷம் போயிட்டா. பீஸ் கட்ட முடியலை" என்றாள் நெட்டை அக்கா. "போறவங்க தங்களோடதை அழிச்சிட்டுத்தான் போகணும். இந்த ரூம் வழக்கம் அது."

"இதை எதுக்கு எழுதுனீங்க?"

"மாசக் கடைசியில ஒரு ரொட்டியை மூணு பேரும் பிச்சுத் தின்போம். அப்போ இந்தக் கதவைத் திறந்து வச்சுக்குவோம்."

"பசி போயிடுமா?"

"ம்க்கும், எங்க போகும்? ஆனா அழாம தூங்கிடுவோம்."

மாதக் கடைசியில் அக்கா போனில் பேசும்போதெல்லாம், "சாப்பிட்டேன், வயிறு ஃபுல்" என்றுதானே சொல்வாள்?

படிப்பு பிடிக்காதவள் முதல் சம்பளத்தைப் பற்றி ஏன் எழுதவேண்டும்?

அழிப்பானைப் பைக்குள் போட்டாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்து, தன் கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அக்காவின் வரிகளை எழுதிக்கொண்டாள். பிறகு ஒரே ஓட்டம்.

"எங்கடி ஓடற?" என்றாள் அக்கா.

"பெட்டி மூட என் வெயிட் பத்தாது!"

வேனில் இருந்த அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். 'செருப்பு' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. ஊன்றுகோலை எடுத்தார்.

மூன்று மாடி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். வலியில் பல்லைக் கடித்தார். சுண்டெலி முன்னால் போகவில்லை, கூடவே ஏறினாள்.

வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அக்கா பதறிப்போனாள்.

"ஏம்மா பொய் சொன்னே?" என்றார் அப்பா.

"பீஸ் கட்டப் பணம் இல்லைங்கற உண்மையைச் சொன்னா நீங்க இந்தக் காலோட லாரி ஓட்டப் போயிடுவீங்க. போவீங்களா, மாட்டீங்களா?"

 அப்பா கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது சுண்டெலி பார்த்ததே இல்லை.

"ஒரு வருஷம் விடுப்பு கேட்டு எழுதிக் குடு, சீட் அப்படியே இருக்கும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், அங்கிள்" என்றாள் கண்ணாடி அக்கா. "கேட்டாத்தானே!"

"ஒரு வருஷத்துல என்ன மாறிடப்போகுது?" என்றாள் அக்கா. "வீணா ஆசைப்பட்டு, மறுபடியும் ஏமாறணுமா?"

"மாறுமான்னு எனக்கும் தெரியலைம்மா" என்றார் அப்பா. "உட்கார்ந்து செய்யற வேலை ஒண்ணு நான் தேடறேன். நீயும் ஏதாவது வேலை பாரு. ஆனா இங்க திரும்பி வரணும்னு ஆசைப்படு. அதை மட்டும் விட்டுடாதே."

 அக்கா பையிலிருந்து படிப்பை விட்டுவிலகும் கடிதத்தை எடுத்துக் கிழித்தாள். கண்ணாடி அக்கா அவசர அவசரமாக வெள்ளைத்தாள் தேடினாள்.

"அப்போ கதவு?" என்று கேட்டாள் நெட்டை அக்கா. "வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

"போறவங்கதானே அழிக்கணும்?" என்றாள் சுண்டெலி. "எங்கக்கா லீவுலதானே வர்றா!"

விடுப்புக் கடிதம் அலுவலகத்துக்குப் போனது. பெட்டி வேனுக்கு வந்தது. இன்னொரு கட்டிலும் காலியானது. ஜன்னலில் நின்று கையாட்டிய இரண்டு பேரும் அழுதார்கள்.

வழியெல்லாம் அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுத் தெரு வந்தபோது சுண்டெலியின் கையைப் பிடித்து, வேர்வையில் கலைந்துபோன எழுத்துகளைப் பார்த்தாள்.

"சைக்கிள் சிவப்பா, நீலமா?"

சுண்டெலி கொஞ்சம் யோசித்தாள்.

"இப்ப சொல்ல மாட்டேன்" என்றாள். "நீ திரும்பிப் போற அன்னிக்கு நானும் வருவேன். கதவுல நானே எழுதறேன்."